இரண்டாம் நம்பரின் ஸ்டாட்டிக் போர்ட்

கத்த வேண்டும். ஒரே ஒரு தடவை, அடிவயிற்றிலிருந்து, இந்தத் தொலைபேசிக்குள். வின்னிபெக்கில் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதனின் காது ஒரு வாரத்துக்கு இரைந்துகொண்டே இருக்க வேண்டும்.

"சொல்லுங்க டஸ்டின், கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றாள் டூலா லாஹ்டினென்.

இதுதான் அவளுடைய வியாதி. உள்ளே உலை கொதிக்கும்போதெல்லாம் வாயிலிருந்து பன்னீர் தெளித்ததுபோல் வார்த்தைகள் வரும். ஐம்பத்திரண்டு வயதாகியும் தன் கோபத்துக்கு ஒரு குரல் கொடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

"ஃபார்ம் இல்லாம நான் எதையும் திறக்க முடியாதுங்க" என்றான் டஸ்டின். "பாதுகாப்பு விஷயம் பாருங்க."

"நேத்து நீங்கதானே சொன்னீங்க? 'நீங்க உங்க பக்கம் மாத்திடுங்க, காலைல எட்டு மணிக்கு நான் என் பக்கம் திறந்துடறேன்'னு?"

"சொன்னேன். ஃபார்ம் வந்திருக்கும்னு நினைச்சுச் சொன்னேன்."

கனடாவின் தண்டர் பேயிலிருந்து வடக்கே பறக்கும் ஒன்பது சின்ன விமானங்களை வைத்திருந்த அந்தக் கம்பெனியில், கம்ப்யூட்டர் பிரிவு என்றால் டூலா ஒருத்திதான். பதினேழு வருஷமாக அவள் நட்டு வளர்த்த மெயில் சர்வருக்கு முன்னால், போன வாரம் ஒரு ஃபயர்வாலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் சாவி டஸ்டினின் கம்பெனியிடம். அன்றிலிருந்து மெயில் செத்துச் செத்துப் பிழைத்தது.

காரணம் எளிது. மெயில் சர்வர் ஒவ்வொரு தடவை தூங்கி எழும்போதும், பேசுவதற்கு இரண்டு போர்ட்களைத் தன் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான வாசல்கள் உள்ள வீட்டில், இன்றைக்கு எந்த வாசல் வழியாக வருவேன் என்று சொல்லாமல் வரும் விருந்தாளி மாதிரி. ஃபயர்வாலோ, பட்டியலில் இல்லாத வாசலைத் திறக்காத காவல்காரன். "இனிமேல் எப்போதும் இந்த இரண்டு வாசல்தான்" என்று சர்வரிடம் ஒரேயடியாகச் சொல்லிவிடுவதற்குப் பெயர் ஸ்டாட்டிக் போர்ட். டூலா நேற்று மாலை அதைச் செய்து முடித்தாள். 59531, 59532. டஸ்டின் அந்த இரண்டையும் திறந்தால் தீர்ந்தது.

டஸ்டின் திறக்கவில்லை. பழைய வாசல்களையும் சர்வர் விட்டுவிட்டது. நேற்றுவரை திக்கித் திணறிய மெயில், இன்று காலை கம்பெனி முழுவதற்கும் அடியோடு நின்றுபோனது.

கதவைத் தட்டாமல் க்ளென் புரோகோப்சுக் உள்ளே வந்தார். விமானங்கள் ஓடுவதற்கெல்லாம் பொறுப்பான மேலாளர். கையில் பாதி கடித்த பெர்ஷியன் பன். அதன் இளஞ்சிவப்புப் பூச்சு மீசையில் ஒட்டியிருந்தது.

"மெயில் இல்லை."

"தெரியும் க்ளென். டஸ்டின்கிட்ட பேசிட்டிருக்கேன்."

"டஸ்டின் நல்ல பையன். அவங்க கம்பெனி மெயிலையும் சேர்த்து பாத்துக்கறோம்னு சொல்றாங்க. நான்தான், பாவம், டூலா இருக்காளேன்னு தள்ளிப் போட்டுட்டு வரேன்." பன்னை இன்னொரு கடி கடித்தார். "மத்தியானம் பன்னண்டுக்குள்ள மெயில் ஓடணும். இல்லேன்னா திங்கக்கிழமையிலேருந்து அவங்க பாத்துப்பாங்க. நீ வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

'பாவம்' என்ற அந்தச் சொல்தான் டூலாவைச் சுட்டது. நீக்குவேன் என்று சொல்லியிருந்தால்கூட அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். பாவப்பட்டவளாக ஆக்கப்பட்டவள் எதை வைத்துச் சண்டை போடுவாள்?

"சரி க்ளென்" என்றாள்.

கம்பெனியின் இணையதளத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ஃபார்ம். நாற்காலி உடைந்தாலும் அதுதான், எஞ்சின் உடைந்தாலும் அதுதான். வார்த்தைகளைப் படித்துப் பார்த்து, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அங்கே அதுவே அனுப்பிவிடும். க்ளென் ஆசைப்பட்டு வாங்கிய மென்பொருள்.

'எது?' என்று கேட்டது. ஒன்று முதல் ஒன்பது வரை பட்டியல். மெயில் சர்வருக்கு டூலா வைத்த பெயர் 'இரண்டு'. இரண்டைத் தேர்ந்தாள். 'என்ன குறை?' என்று கேட்டது. கோபத்தில் விசைகள் நோக அடித்தாள்:

'இரண்டில் ஸ்டாட்டிக் போர்ட் இரண்டும் அடைந்து கிடக்கிறது. உடனே திறக்கவும்.'

அப்போது மணி ஒன்பது நாற்பது. ஒன்பது ஐம்பதுக்கு அவள் மேஜைத் தொலைபேசி அலறியது. விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரிலிருந்து நோரீன் வபாஸி. மெக்கானிக்குகளுக்குத் தலைவி.

"டூலா, உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுது?"

"இரண்டாம் நம்பர்ல ஸ்டாட்டிக் போர்ட் அடைச்சிருக்குன்னு புகார் வந்திருக்கு. சிவப்பு மையில அச்சாகி வந்துச்சு. கீழே உன் பேரு. பதினாலு பேரை ஏத்தி, கதவைச் சாத்தி, கிளம்பப் போற விமானம். நிறுத்திட்டேன்."

டூலாவுக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஓடியது. இரண்டு என்பது ஒரு விமானத்தின் எண்ணும்கூட. எல்லா விமானங்களின் விலாவிலும் குண்டூசி நுழையும் அளவில் துளைகள் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தை அவை உள்ளே சொன்னால்தான் எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்று விமானிக்குத் தெரியும். அந்தத் துளைக்குப் பெயரும் ஸ்டாட்டிக் போர்ட்தான். இத்தனை வருஷத்தில் இரண்டு பெயரும் ஒன்று என்பதை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"ஐயோ நோரீன், அது மெயில் சர்வர்! நான் சொன்னது கம்ப்யூட்டர் போர்ட். ஃபார்ம் தப்பா உன்கிட்ட வந்திருக்கு. விமானத்தை விட்டுடு."

மறுமுனையில் நோரீன் சிரித்துச் சிரித்து இருமினாள். "விட முடியாதுடி. பாதுகாப்புப் புகாரை வாபஸ் வாங்கணும்னா புகார் குடுத்தவங்களே கம்பெனி மெயில்லேருந்து எழுதி அனுப்பணும். வாயால சொன்னா செல்லாது. சட்டம் போட்டதே உங்க க்ளென்தான்."

"மெயில்தான் ஓடலையே!"

"அப்ப விமானமும் ஓடாது."

டூலா டஸ்டினை அழைத்தாள்.

"ஃபார்ம் இன்னும் என் கைக்கு வரலையே" என்றான் அவன்.

"அது ஹேங்கருக்குப் போயிடுச்சு. தயவுசெஞ்சு அந்த ரெண்டு போர்ட்டை மட்டும்..."

"அப்படீன்னா இன்னொண்ணு போடுங்க. கூடவே க்ளென் ஒப்புதல் குடுத்து ஒரு மெயில் அனுப்பிடட்டும்."

"மெயில் ஓடறதுக்காகத்தான் ஒப்புதலே கேக்கறோம். எதுல அனுப்புவாரு?"

டஸ்டின் யோசித்தான். "அது உங்க பக்கத்துப் பிரச்சினை மாதிரி தெரியுது."

டூலா ரிசீவரை வைக்கவில்லை, நட்டாள். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். இரண்டாம் நம்பரிலிருந்து பதினாலு பேரும் படியிறங்கி, அக்டோபர் காற்றில் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி பெரிய கேக் பெட்டியைத் தொட்டில் குழந்தைபோல் அணைத்திருந்தார். ஒவ்வொருவரும் இந்த ஜன்னலைத்தான் முறைக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தன்மேலேயே கோபம் வந்தது. டஸ்டின்மேல் வந்ததைவிட அது சீக்கிரமாக, பழகிய வழியில் வந்தது.

இரண்டாவது ஃபார்மைக் கவனமாக நிரப்பினாள். 'விமானம் அல்ல, போர்ட் என்றால் விமானத்தின் போர்ட் அல்ல, எந்த விமானமும் அடைத்திருக்கவில்லை' என்று எழுதினாள்.

இரண்டு நிமிஷத்தில் நோரீன் மறுபடி கூப்பிட்டாள்.

"டூலா, இனிமே எழுதாதே. 'விமானம்'னு மூணு தடவை, கூடவே 'அடைத்து'ன்னும் வந்திருக்காம். ஒன்பது விமானத்தையும் நிறுத்தச் சொல்லி அச்சடிக்குது."

"நிறுத்திட்டியா?"

"எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கும்மா. ஒரு மணி நேரம் யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். முதல்ல இரண்டாம் நம்பரை இழுத்துட்டு வந்து பார்க்கணும். டிராக்டர் பேட்டரி செத்துக் கிடக்கு."

க்ளென் இந்தத் தடவை ஓடி வந்தார். பன் இல்லை. முகமே அந்தப் பூச்சு நிறத்தில் இருந்தது.

"ஒரு மெயிலைச் சரிபண்ணச் சொன்னா என் விமானத்தைப் பிடுங்கி வச்சிருக்கே! பதினாலு பேர் என் உயிரை எடுக்கிறாங்க. ஒரு அம்மா கேக்கை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, இதுல மெழுகுவத்தி ஏத்தறப்ப நீ ஊதறியாங்கறாங்க!"

"ஃபார்ம்தான் தப்பான இடத்துக்கு..."

"ஃபார்ம் மேல பழி போடாதே. அதை வாங்கினது நான்."

அதனால்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. "நீங்க டஸ்டின்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள்.

க்ளென் தொலைபேசியைப் பறித்தார். அடுத்த மூன்று நிமிஷம், டூலா பதினேழு வருஷமாகச் சொல்ல நினைத்ததெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. அதே வார்த்தைகள். என்ன சுலபமாகக் கத்துகிறார்! ஒருத்தர் கத்தியதும் இன்னொருத்தர் உடனே திறக்கிறார். அதே விஷயத்தை அவள் மரியாதையாகச் சொன்னால் ஃபார்ம் கேட்கிறார்கள்.

டஸ்டின் திறந்தான். மெயில் வரவில்லை. 59531-க்குப் பதில் 59513 என்று திறந்திருந்தான். எண்ணை ஒவ்வொன்றாக, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல டூலா சொன்னாள். பதினொன்று நாற்பதுக்கு அவளுடைய திரையில் முதல் மெயில் விழுந்தது. பிறகு நூற்றுச் சொச்சம். கெடுவுக்கு இருபது நிமிஷம் மீதி.

நன்றி என்று ஒரு சொல் வரும் என எதிர்பார்த்ததற்காக அவள் பின்னால் வெட்கப்பட்டாள்.

"உக்காரு. எழுது" என்றார் க்ளென். "'என்னுடைய கவனக்குறைவால்...'"

எழுதினாள்.

"'...விமானங்களைப் பற்றி எனக்கு எந்த அறிவும் இல்லாததால், இரண்டாம் நம்பரைப் பற்றித் தவறான புகார் கொடுத்துவிட்டேன். அதை வாபஸ் பெறுகிறேன். இதற்கு நான் மட்டுமே பொறுப்பு.' ஒட்டாவாவுக்கும் ஒரு நகல் போட்டுடு."

"விமானத் துறை அதிகாரிங்களுக்கு எதுக்கு?"

"கம்பெனிமேல கறை இருக்கக் கூடாது பாரு. இதை அனுப்பிட்டா உன் வேலையைப் பத்தி மறுபடி யோசிக்கிறேன்."

நெஞ்சு இவ்வளவு எரியும்போது விரல்கள் மட்டும் எப்படி இத்தனை பணிவாக இருக்கின்றன என்று டூலா தன் கைகளையே வேடிக்கை பார்த்தாள். தப்பு தன்னுடையதுதானே? எழுதியது அவள், பட்டியலில் தேர்ந்தது அவள். அனுப்பும் பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனாள்.

கதவு திறந்தது. நோரீன் நின்றாள். மேலங்கியில் கிரீஸ், மூச்சில் இரைப்பு. ஒரு கையில் காகிதம். மறு கையின் ஆட்காட்டி விரலில் ஒரு விரற்கடை அளவுக்கு வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இரண்டாம் நம்பர்லேருந்து உரிச்சது" என்றாள். "ரெண்டு பக்கமும். வெள்ளை உடம்புல வெள்ளை டேப். முகத்தைக் கிட்ட வச்சாதான் தெரியுது. நேத்து கழுவறப்ப தண்ணி போகக் கூடாதுன்னு ஸ்டாட்டிக் போர்ட் மேல ஒட்டியிருக்காங்க. எடுக்கவே இல்லை."

பதினாலு பேர், கேக் பெட்டி, வடக்கே மேகத்துக்குள் தன் உயரம் தெரியாமல் போகும் ஒரு விமானம்.

முதலில் தேறியவர் க்ளென். "எடுத்தாச்சு இல்ல? அப்பறம் என்ன? டூலா, மெயிலை அனுப்பு."

"இன்னுமா?"

"அனுப்புன்னா அனுப்பு. புகாரே இல்லைன்னா டேப்பும் இல்லை. பன்னண்டு மணிக்குள்ள. திங்கக்கிழமை ஞாபகம் இருக்கட்டும்."

நோரீன் அந்தக் காகிதத்தை மேஜைமேல் விரித்து வைத்தாள். "கழுவி முடிச்சதும் டேப்பெல்லாம் எடுத்தாச்சு, நானே சுத்திப் பார்த்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது நீங்கதானே, க்ளென்?"

டூலா கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு திரையில் தான் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தாள். விசைப்பலகையைத் தன்னிடமிருந்து மெல்லத் தள்ளி வைத்தாள்.

"மாட்டேன் க்ளென்" என்றாள், எப்போதும் பேசும் அதே குரலில். "புகார் சரியாத்தான் இருக்கு."