ஜன்னலுக்கு முதுகு காட்டியவன்

ரெய்னிர் ஜன்னலோரக் கள்ளிச்செடிக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றினான்.

"செடிக்கு நீச்சல் கத்துக்கொடுக்கிறியா?" என்றபடி அக்கா ஹிஸ்கெ அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுச் சமையலறையில் மாக்டெல்ட் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "ஓகோ! டேய், இதுக்குப் பேரு என்ன தெரியுமா? வோயரிசம்!"

"அப்படின்னா?"

"அடுத்தவங்களுக்குத் தெரியாம அவங்க அந்தரங்கத்தைப் பாத்து ரசிக்கிறது."

"உருளைக்கிழங்குல என்னக்கா அந்தரங்கம்? அவ திரையே போடலையே!"

"நம்ம டெவெந்தர் ஊர்ல எவ திரை போடுறா? போற போக்குல ஒரு பார்வை பாக்கலாம். நீ நாற்காலி போட்டுல்ல பாக்குற! ரசிச்சியா இல்லையா, அதைச் சொல்லு."

ரெய்னிர் செடிக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினான். மாக்டெல்டைக் காபிக்கு அழைக்க வேண்டும் என்று குளிர்காலம் முழுக்கத் தைரியம் சேர்த்து வைத்திருந்தான். இனி எந்த முகத்தோடு அழைப்பது?

அக்கா கிளம்பியதும் திரையை இழுத்து மூடினான். அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் திரை மூடினால் அதுவே பெரிய செய்தி. உடனே வாசல் மணி அடித்தது.

"யாராவது தவறிட்டாங்களா தம்பி?" பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இல்ல, உள்ள எதையாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?" என்றாள் அவர் மனைவி.

பதறிப்போய்த் திரையைத் திறந்தான். ஆனால் எதிரே பார்க்கக் கூடாதே! நாற்காலியைத் திருப்பி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். சுவர்க் கண்ணாடியில் மாக்டெல்ட் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தாள். இது பார்த்த கணக்கா, பார்க்காத கணக்கா? அவனுக்கே புரியவில்லை. எழுந்து கண்ணாடியைப் போர்வையால் மூடினான்.

ஜன்னல் தட்டப்பட்டது. "சாவு வீட்டுல மூடுற மாதிரி கண்ணாடியை மூடுறியே! அப்போ நிஜமாவே சாவுதான்!" என்று பக்கத்து வீட்டம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரெய்னிருக்குத் தலை சுற்றியது. தெரியாமல் பார்த்தால்தானே தப்பு? சொல்லிவிட்டால்? வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து எதிர்வீட்டு மணியை அடித்தான்.

மாக்டெல்டின் அத்தை கதவைத் திறந்தாள்.

"மன்னிக்கணும்மா. நான் எதிர்வீடு. தினம் ஜன்னல் வழியா மாக்டெல்டை... அவங்களுக்குத் தெரியாம... பாத்துட்டேன். இனிமே சத்தியமாப் பாக்கமாட்டேன். அவங்ககிட்டச் சொல்லிடுங்க."

அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மாடிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"மாக்டெல்ட்! அந்தப் பைனாகுலரைக் கீழ வைடி, ஆளே நேர்ல வந்துட்டாரு!"