எல்லா லிஃப்டிலும் தங்கள் தங்கை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கு நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரமாட்டேன் என்கிறது. அங்கு தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இருந்தால் தயவுசெய்து ஒரு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மேற்கொண்டு படிக்கவும். லிஃப்டில் போய்க்கொண்டே மட்டும் படிக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். மாமா தங்கள் தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார். அத்தை தவறிய பிறகு அப்பாவும் மகளும் ஒரு காலையாவது போனில் பேசாமல் இருந்ததுண்டா? வெந்நீர் போட்டாயா, மாத்திரை போட்டீர்களா, மழை வருமா என்று ஒன்றுமில்லாத விஷயத்தை உலகமே அதில்தான் இருப்பதுபோல் பேசுவார்களே, அது நின்றுவிட்டது. இவள் கூப்பிட்டால், தாங்கள் அழைப்பவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொல்கிறாள். காலையில் சொல்கிறாள், மதியம் சொல்கிறாள், சாயங்காலமும் சொல்கிறாள். அதைக் கேட்டுக் கேட்டு தங்கள் தங்கை அழுது கண்ணெல்லாம் வீங்கிவிட்டது. இத்தனைக்கும் காரணம் நான்தான். எப்படி என்று சொல்கிறேன், ஆனால் அதற்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணத்தின்போது தாங்கள் கேட்டீர்கள், நான் ஏதோ மழுப்பினேன். இந்த வாரம்தான் எனக்கே அது என்ன வேலை என்று முழுதாகப் புரிந்தது.

லிஃப்ட் பேசுகிறதே, "முதல் மாடி, கதவு திறக்கிறது" என்று, அந்த வாய் நாங்கள். எந்த நேரத்தில் எதைப் பேச வேண்டும் என்று நிரல் எழுதுகிறோம். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே நிரலில் கை வைத்தால் குழம்பிவிடும் என்பதால் ஆளுக்கொரு கிளை. கிளை என்றால் ஒரு நகல்தான். அதில் அவரவர் என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம், யாருக்கும் தெரியாது. கூத்து முடிந்து எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் அது வெளியே போகிற கிளைக்குப் போய்ச் சேரும். இதற்கெல்லாம் காவலாக பைப்லைன் என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் குழாய் இல்லை மச்சான், தானாக வேலை செய்கிற ஓர் இயந்திரம். யாராவது ஒரு கிளையில் எதையாவது மாற்றிச் சேமித்தால் அது விழித்துக்கொள்ளும், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும், சோதித்துப் பார்க்கும், பிறகு ஊரிலுள்ள எங்கள் லிஃப்டுகளுக்கெல்லாம் அனுப்பிவைக்கும். எந்தக் கிளையைத் தொட்டால் விழிக்க வேண்டும், எதைத் தொட்டால் தூங்க வேண்டும் என்று அதற்கு விதி எழுதி வைக்கிறவன் நான்.

முன்பெல்லாம் எந்தக் கிளையைத் தொட்டாலும் அது விழித்துக் கட்டவும் சோதிக்கவும் தொடங்கிவிடும். ஒருவர் ஒரு காற்புள்ளியை நகர்த்தினால் போதும். அதனால் உருப்படியான வேலை உள்ளவர்கள் எல்லோரும் ஒற்றைக் குளியலறை வீட்டில் காலையில் நிற்பதுபோல் வரிசையில் நின்றார்கள். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். அவர் என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா இது, ஆளாளுக்கு ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தா நம்ம வேலை எப்ப முடியறது? வெளியே போற கிளைக்கு மட்டும் ஓடட்டும். மத்ததெல்லாம் கிடக்கட்டும்" என்றார். நானும் உட்கார்ந்து விதி எழுதினேன். பெயர் 'வெளியீடு' என்று தொடங்குகிற கிளைக்கு மட்டும் விழி, கட்டு, சோதி, அனுப்பு. மற்ற எந்தக் கிளையில் இடியே விழுந்தாலும் எழுந்திருக்காதே. வரிசை ஒழிந்தது. எதையும் நம்பாத சோதனைப் பிரிவு அம்மா என் மேசைக்கே வந்து, "நல்லா பண்ணிருக்கீங்க" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இந்த நேரத்தில் லிஃப்டுக்குக் குரல் கொடுக்கிற அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வார்த்தைக்கும் கதவுக்கும் நேரம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு குரல் வேண்டியிருந்தது. வீட்டிலேயே ஒரு குரல் சும்மா இருக்கிறதே என்று நினைத்தேன். எதிரொலி வராமல் இருக்கத் தங்கள் தங்கையைத் துணி அலமாரிக்குள் தலையை விடச் சொல்லி, போனைக் கையில் கொடுத்தேன். தரைத்தளமும் முதல் மாடியும் ஒழுங்காகத்தான் படித்தாள். அப்புறம் அவளுக்கு அலுத்துவிட்டது. நான் வெளியே நின்று சிரிக்கச் சிரிக்க அவளுக்கு உற்சாகம் கூடிவிட்டது. கதவு மூடுகிற இடத்தில், "கையை எடுங்க. சொன்னா ஒரு தடவைல புரியாதா?" என்றாள். எடை அதிகமானால் சொல்ல வேண்டிய இடத்தில், "யாராவது ஒருத்தர் இறங்குங்க. யாருன்னு நான் வேற சொல்லணுமா?" என்றாள். மாமா வீடும் ஏழாவது மாடிதானே, அது வந்ததும் அந்த ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. "ஏழாவது மாடி. அப்பா வீடு. வந்துட்டீங்களா? செருப்பை வெளியவே கழட்டுங்க. பிரஷர் எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுடாதீங்க. கேட்டீங்க, விளக்கு வைக்கிற வரைக்கும் விட மாட்டார்."

விளையாட்டுக்குச் சொன்னது, மச்சான். அலமாரிக்குள் சொன்னது. அதை நான் என் சோதனைக் கிளையில் போட்டேன். அங்கே எதைப் போட்டாலும் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் கட்டி முடித்துக் கேட்கலாம் என்று பார்த்தால் பைப்லைன் எழுந்திருக்கவில்லை. தட்டினேன், கொட்டினேன், அசையவில்லை. பிறகுதான் உறைத்தது, சோதனைக் கிளைக்கெல்லாம் எழுந்திருக்காதே என்று சொன்னதே நான்தான். நான் கட்டிய வாசலே என்னை உள்ளே விடமாட்டேன் என்றால் எப்படி இருக்கும்? கோபம் வந்துவிட்டது. என் கிளையின் பெயருக்கு முன்னால் 'வெளியீடு' என்று சேர்த்தேன். உடனே விழித்துக்கொண்டு கட்ட ஆரம்பித்தது. ஆஹா, ஏமாற்றிவிட்டோம் என்று சந்தோஷமாகச் சாப்பிடப் போனேன். விழிப்பதற்கும் அனுப்புவதற்கும் விதி ஒன்றுதான், அதை ஒரே வரியில் எழுதியவனும் நான்தான் என்பது பாதிச் சாப்பாட்டில் ஞாபகம் வந்தது. கையைக்கூடக் கழுவவில்லை. எழுந்து ஓடினேன். அதற்குள் ஊரிலுள்ள எங்கள் லிஃப்ட் அத்தனையிலும் தங்கள் தங்கை பேசிக்கொண்டிருந்தாள்.

என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒரு வங்கியின் தலைமை அலுவலகத்தில் அதிகாரிகள் கூட்டமாக ஏறியிருக்கிறார்கள். எடை கூடிவிட்டது. "யாருன்னு நான் வேற சொல்லணுமா?" என்றதும் எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்திருக்கிறார்கள். அவர்தான் தலைவர். இறங்கிப் படியேறினாராம். அதே கட்டடத்தில் ஏழாவது மாடியில் அவர் அறை. மூச்சு வாங்க மேலே போய்ப் பார்த்தால் வாசலில் ஒரே செருப்பும் பூட்ஸுமாகக் கிடக்கிறது. அன்று அவரைப் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு உள்ளே உட்கார்ந்திருந்தார்களாம். ஒருவர்கூட அவருடைய உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லையாம். அவசரம் என்னைத் திட்டக்கூட நிற்காமல் வங்கியில் மன்னிப்புக் கேட்க ஓடினார்.

வங்கி கிடக்கட்டும். மாமா குடியிருப்பில் லிஃப்ட் எங்களுடையது என்பது தங்களுக்குத் தெரியும். என் மாப்பிள்ளை செஞ்சது என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் அவர் பிடித்து ஏற்றி இறக்கிக் காட்டுவாராமே. அன்றும் அப்படித்தான், புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தையும் குடியிருப்புச் செயலாளரையும் கூட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார். ஏழாவது மாடியில் கதவு திறந்தது. அப்பா வீடு, செருப்பு, பிரஷர் எல்லாம் ஒன்றுவிடாமல் வந்திருக்கிறது. செயலாளர்தான் எனக்குச் சொன்னார். "யாரும் சிரிக்கலைங்க. சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னோம், அதுதான் அவருக்கு ரொம்ப வலிச்சிருக்கும்" என்றார். தணிக்கைத் துறையில் காலமெல்லாம் இருந்து பெரிய பெரிய ஆட்களை நடுங்க வைத்தவர் மச்சான் அவர்.

கொஞ்ச நேரத்தில் தங்கள் தங்கைக்குப் போன் வந்தது. "லிஃப்டுல பேசறது நீதானா?" என்றார். இவள், "ஆமாப்பா, அது வந்து..." என்று இழுத்தாள். போன் கட்டாகிவிட்டது. அதுதான் கடைசி. அன்றிலிருந்து தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். நேரில் போகலாம் வா என்றால், "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? போனா அந்த லிஃப்டுலதானே ஏறணும்? என் குரலே என்னைப் பாத்து வந்துட்டீங்களான்னு கேக்கும்" என்று அழுகிறாள். அம்மா இல்லாத வீட்டில் தனியாக இருக்கிற மனிதரை ஊர் முன்னால் கேலி செய்துவிட்டேனே என்று சோறு தண்ணீர் இல்லாமல் கிடக்கிறாள். எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை.

நான் சும்மா இருந்துவிடவில்லை. விதியை அடியோடு மாற்றி எழுதிவிட்டேன். பெயரைப் பார்த்து நம்புகிற வேலையே இனி கிடையாது. எந்தக் கிளையானாலும் கட்டலாம், சோதிக்கலாம், அத்தோடு நிற்க வேண்டும். ஒரே ஒரு கிளையிலிருந்துதான் வெளியே அனுப்பும், அதுவும் மேலாளர் பார்த்துச் சரி என்று அழுத்தினால்தான். எந்த லிஃப்டுக்கும், எந்த உறவுக்காரருக்கும் விலக்கு இல்லை. தொண்டை சரியான அம்மாவின் குரலை எல்லா இடத்துக்கும் அனுப்பியாகிவிட்டது. வினோதம் என்னவென்றால், மாமா குடியிருப்பு லிஃப்ட் மட்டும் புதுக் குரலை வாங்க மறுக்கிறது. எத்தனை முறை அனுப்பினாலும் அங்கே தங்கள் தங்கைதான் பேசுகிறாள். என் தலையெழுத்தைப் பாருங்கள், எந்த லிஃப்டில் அவள் பேச்சு முதலில் நிற்க வேண்டுமோ அதில்தான் நிற்கவில்லை. இன்று காலை ஒரு மெக்கானிக்கை நேரிலேயே அனுப்பியிருக்கிறேன். லிஃப்டின் குரல் பெட்டியைக் கழற்றியாவது அந்தக் குரலை எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தாங்கள் மூத்த பிள்ளை, தாங்கள் சொன்னால் மாமா கேட்பார். எப்படியாவது அவரைப் பிடித்து, அதெல்லாம் மாப்பிள்ளை எழுதிக் கொடுத்தது, அவள் ஒரு பாவமும் அறியாமல் படித்தாள் என்று சொல்லுங்கள். பொய்தான், பரவாயில்லை. மாப்பிள்ளை மேல் கோபம் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும், அது பழகின விஷயம். மகளோடு மட்டும் பேசச் சொல்லுங்கள். அந்த வெந்நீர், மாத்திரை, மழைப் பேச்சு இல்லாமல் எங்கள் வீட்டில் காலையே விடியவில்லை மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, என் வேலையைத் தவிர வேறு எந்த வேலைக்காவது போய், நீடூழி வாழ என் ஆசிகள். தங்கள் பதிலுக்கு வாசலையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்,

தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மெக்கானிக் போன் செய்தான். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், தயவுசெய்து மாமாவிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள். மெக்கானிக் போய்ப் பார்த்தபோது மாமா லிஃப்டுக்குள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தால் ராத்திரி வரைக்கும் மேலும் கீழுமாக அதிலேயேதான் இருக்கிறாராம். லிஃப்டுக்குள் போன் எடுக்காது, பேசிக்கொண்டே ஏறியதால்தான் அன்று பேச்சு கட்டானது, அதனால்தான் இத்தனை நாளும் அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே. மகள்தான் நாள் முழுக்கப் பேசுகிறாளே என்று போன் செய்ய வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லையாம். புதுக் குரல் வராததற்கும் காரணம் தெரிந்துவிட்டது, நாங்கள் அனுப்புவது பெட்டிக்கு வருகிற ஒயரைக் காவலாளியிடம் சொல்லிப் பிடுங்கி வைத்திருக்கிறார். மெக்கானிக் பெட்டியில் கை வைத்ததும், "எம் பொண்ணு குரலை எடுக்க நீ யாருய்யா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அப்புறம் அவனையும் ஏற்றி ஏழாவது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், கதவு திறந்து அவள் பேசி முடிக்கிற வரைக்கும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "கேட்டியா? அவ அம்மா போனதுக்கு அப்புறம் இந்த வாசல்ல என்னை வந்துட்டீங்களான்னு யாருமே கேட்டதில்ல" என்றாராம். தங்கள் தங்கையிடம் சொன்னேன், செருப்பைக்கூடப் போடாமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். நான் அந்தப் புது விதியைத் திறந்து, அந்த ஒரு லிஃப்டுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் எதையும் அனுப்பக் கூடாது என்று விலக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். விலக்குக்குக் காரணம் எழுதினால்தான் அவசரம் சரி என்று அழுத்துவார். என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, 'மாமனார் வீடு திரும்பும்போது வந்துட்டீங்களா என்று கேட்க ஒரு குரல் வேண்டும்' என்று எழுதி அனுப்பினேன். ஒரு கேள்வியும் கேட்காமல் அழுத்திவிட்டார்.