ஓடிக்கொண்டே பார்த்த கடைசி ஓவர்

அன்புள்ள ஸ்ரீநிவாசராகவன் அத்திம்பேருக்கு,

செம்பாக்கத்திலிருந்து பிரணவின் நமஸ்காரம். நாங்கள் நலம். நீங்கள் விட்டுப்போன காரும் நலம். சொன்னபடி வாரம் தவறாமல் ஸ்டார்ட் செய்கிறேன்.

டல்லாஸில் மைதானத்து வாசலில் கார் டிக்கியைத் திறந்துவைத்து, டிவியும் பாட்டுமாக நீங்கள் சாப்பிடும் வீடியோ வந்தது. கூடவே, "உன்னால ஒரு ட்யூப்லைட்டாவது மாட்ட முடியுமாடா?" என்று குடும்பக் குழுவில் கேட்டிருந்தீர்கள். பதினேழு பேர் சிரித்தார்கள். என் மனைவி ஸ்ரீவித்யாவும் அதில் ஒருத்தி.

நான் நேரே பம்மலுக்குப் போனேன்.

அங்கே கார் ஆடியோ மாட்டும் ஜெயவேலு என் காரை ஒருமுறை சுற்றிவந்தார். "இன்னா சார், இது காரா, கோயில் திருவிழாவா?" நான்கு ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபையர். டிக்கி வாயை அடைத்து முப்பத்திரண்டு அங்குலத் திரை. "இன்னொரு பேட்டரி போடு சார், ஒண்ணு தாங்காது." இடமில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. காலனி மைதானத்தில் என் கார், எதிரே நூறு நாற்காலி. ஆட்டம் ஐந்தரைக்குத்தான், ஆனா நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் ராகு காலம், புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஸ்ரீவித்யா சொல்லிட்டா, அதனால நாலு இருபதுக்கே எலுமிச்சம்பழத்தை நசுக்கி டிவியைப் போட்டாச்சு, நடுவுல அணைச்சா மறுபடி ஆரம்பிக்கறது ராகு காலத்துல ஆயிடுமேன்னு அணைக்கவும் இல்ல, காலி நாற்காலிகளுக்கு ஒரு மணி நேரம் நாதஸ்வரம், புகை வருதுன்னு எஞ்சினையும் நிறுத்தியாச்சு.

கடைசி ஓவர். ஆறு பந்து, பதினொரு ரன். திரை இருண்டது.

மைதானம் ஒரு காலத்தில் கிளியம்மாளின் வயல். முதல் வரிசையிலிருந்து அவர்தான் கேட்டார்: "இன்னா சாமி, கரண்ட் போச்சா, உன் மானம் போச்சா?"

ஆட்டம் பார்க்க வந்திருந்த ஜெயவேலு கத்தினார்: "தள்ளுங்கய்யா!"

தள்ளினார்கள். என் கார் இருமியது, உறுமியது. திரை எரிந்தது. "நிறுத்தாத சார்! நிறுத்துனா எஞ்சின் அணைஞ்சி மறுபடியும் பூடும், போய்க்கினே இரு!"

போனேன். முதல் குறுக்குத் தெரு, பால் பூத், பிள்ளையார் கோயில். பின்னால் நூறு பேர் ஓட்டம். கிளியம்மாள் நாற்காலியோடு.

திரை எனக்கு முதுகுப்புறம். காலனியிலேயே அந்த ஓவரைப் பார்க்காதவன் நான் ஒருவன். பக்கக் கண்ணாடியில் முகங்கள் மட்டும். நீல வெளிச்சம் பட்ட முகங்கள், வாய் பிளந்து. பிறகு அந்த அலறல். ஜெயித்துவிட்டோம்.

"தேராட்டம் கீது சாமி உன் வண்டி!" என்றார் கிளியம்மாள், மூச்சு வாங்க.

ஸ்ரீவித்யா மட்டும், "அப்படியே அந்த ட்யூப்லைட்டையும் மாட்டிடுங்கோ" என்றாள். மாட்டினேன். எரிகிறது.

வீடியோவை இன்னும் குழுவில் போடவில்லை. முதலில் உங்களுக்கு எழுதுவதே மரியாதை.

அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்த மைத்துனன்
பிரணவ்

பின்குறிப்பு: என் கார் டிக்கியில் திரை நுழையவில்லை. ஆகவே மேலே 'என் கார்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'உங்கள் கார்' என்று படிக்கவும். வாரம் தவறாமல் ஸ்டார்ட் செய்வது உண்மைதான். இந்த வாரம், தள்ளி. நீங்கள் வந்திறங்கும் பதினான்காம் தேதி ஏர்போர்ட்டுக்கு அதிலேயே வருகிறேன். பெட்டிகளை மடியில் வைத்துக்கொள்ளலாம்.