முந்நூறாவது வாத்து

வாத்து மாதிரி நடக்கத் தெரிந்த மனிதர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் மூன்றரை வருஷம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். பெருமைக்காகச் சொல்லவில்லை. மொட்டைமாடியில் அவர் நடந்து பழகியதை எங்கள் தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவருக்கு அழகான பேர் ஒன்று உண்டு. ஆதார் அட்டையில் பார்த்திருக்கிறேன். ஆனால் பாகூர் ஏரிக்குக் கீழே இருக்கும் எங்கள் தெருவில் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். ‘வாத்து’ என்று கேட்டால் எல்லாக் கையும் எங்கள் வீட்டு நீல கேட்டைக் காட்டும். இத்தனைக்கும் மனிதர் ஜென்மத்தில் ஒரு வாத்து வளர்த்ததில்லை. அறுவடை முடிந்த வயல்களில் நிஜமாகவே வாத்து மேய்க்க வருகிறவருக்கு ஏழுமலை என்று பேர். ஒரு வாத்தும் இல்லாதவருக்கு வாத்து என்று பேர். எங்கள் தெருவின் நியாயம் அப்படி.

வீடு பார்க்க வந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. குடி வருகிறவர்கள் தண்ணீர் வருமா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று கேட்பார்கள். இவர் நேராக மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்தார்.

“சார், இந்த வயல்ல வாத்து எறங்குமா?”

“அறுப்பு முடிஞ்சா எறங்கும். ஏன், நாத்தம் ஒத்துக்காதா?”

“ஐயோ, இல்ல சார். அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

என்ன வேலை என்று கேட்டேன். “கேம் பண்றேன் சார்” என்றார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். பையன்களிடமிருந்து போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுவதுதான் என் உத்தியோகத்தில் பாதி. மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி வசந்தா, “புள்ள எளச்சிப் போயிருக்குதுங்க, இருந்துட்டுப் போவட்டும்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

மறுநாள் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு தலையணை, ஒரு மைக்கோடு வந்து இறங்கினார். சமைக்க ஒரு பாத்திரம் இல்லை.

கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது. படம் வரைவதும் அவர்தான், புரோகிராம் எழுதுவதும் அவர்தான், பாட்டுப் போடுவதும் அவர்தான். என்ன கேம் என்று கேட்டதற்கு விளக்கினார். காலையில் ஏரிக்கரைப் பட்டியிலிருந்து முந்நூறு வாத்துகளைத் திறந்துவிட வேண்டும். வயல், வாய்க்கால், ரோடு எல்லாம் தாண்டி மேய்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் முந்நூறையும் பட்டிக்குள் சேர்க்க வேண்டும்.

“அவ்ளோதானா? சுடறது, வெடிக்கறது ஒண்ணும் இல்லியா?”

கொஞ்சம் யோசித்தார். “ரோட்டத் தாண்டும்போது ஒரு லாரி ஆரன் அடிக்கும் சார்.”

அந்த வருஷம் தை மாதம் அபிஷேகப்பாக்கம் பக்கம் மேய்ச்சல் முடிந்து ஏழுமலை தன் கூட்டத்தோடு எங்கள் வயல்களுக்கு வந்தார். நம்ம ஆள் நோட்டும் கையுமாகச் சேற்றில் இறங்கிவிட்டார். முந்நூறையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது, ஒன்றை முழுசாகப் படித்தால் போதும் என்று, காதோரம் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு வாத்தைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னாலேயே சுற்றினார். அவர் கெட்ட நேரம், அது கூட்டத்திலேயே அடங்காத வாத்து. மத்தியானம் வசந்தா மாடிப்படிக்குக் கீழே, துணி துவைக்கிற கல் பக்கம் மிச்சச் சோற்றைக் கொட்டுவாள். ஒருநாள் ருசி கண்ட அந்த வாத்து, பொழுது சாய்ந்ததும் மற்றவையெல்லாம் பட்டிக்குப் போக, தான் மட்டும் தனியாகப் பிரிந்து, வாய்க்கால் ஓரமாகவே வந்து, நீல கேட்டுக்கு அடியில் நுழைந்து, படிக்கட்டின் கீழே நின்றுகொள்ளும். பின்னாலேயே நோட்டோடு இவர் வருவார். அதற்கும் பின்னால் திட்டிக்கொண்டே ஏழுமலை வருவார். பத்து நாள் எங்கள் வீட்டில் இந்த ஊர்வலம் நடந்தது.

பிறகுதான் மொட்டைமாடிப் பயிற்சி. கழுத்து முன்னே போக வேண்டுமாம், இடுப்பு ஒரு கணம் தாமதித்துத் திரும்ப வேண்டுமாம். தானே நடந்து, தானே வீடியோ எடுத்து, தானே பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். எதிர்வீட்டு அம்மா மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் ஒரு பாட்டில் எண்ணெயோடு வந்துவிட்டார். “இந்த வயசுலியே இடுப்புப் புடிச்சிக்கிச்சே, சூடு பண்ணித் தேச்சி வுடுங்க” என்று என்னிடம் கொடுத்தார். யாருக்கு யார் தேய்த்து விடுவது? அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

சத்தம் பிடிக்கிற வேலை இன்னும் மோசம். வாத்து தண்ணீரில் குதிக்கிற சத்தம் வேண்டும் என்று வசந்தாவை ஈரப் புடவையைத் துவைக்கிற கல்லில் ஓங்கி அடிக்கச் சொன்னார். மைக்கைப் பிடித்துக்கொண்டு பதினோரு தடவை அடிக்கவைத்தார். திருப்தியில்லை.

“அக்கா, இன்னும் ஒரே ஒரு வாட்டி. கொஞ்சம் கோவமா அடிங்க.”

“யாரு மேல தம்பி கோவம்?”

“சார் மேலன்னு வச்சிக்கங்களேன்.”

பன்னிரண்டாவது அடி முதல் தரமாக வந்தது. அந்த கேமில் வாத்து குதிக்கும்போது கேட்பது என் இருபத்திரண்டு வருஷ இல்லறத்தின் சத்தம். கேட்டால் எனக்கு இப்போதும் தோள் சுருங்கும்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. கேம் முடியவில்லை. ஒரு மழை பெய்தால் வரப்பு எப்படி வழுக்குகிறது என்று நேரில் பார்க்கப் போவார், வழுக்கி விழுந்து வருவார், வந்து வரப்பை முதலிலிருந்து செய்வார். எங்கள் தெருவையும் வீடு வீடாக கேமுக்குள் வரைந்துவிட்டார். வில்லியனூரிலிருந்து பெண் வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் விசாரிக்க வந்தார்.

“பையன் இன்னா பண்றாருங்க?”

நான் நல்லது செய்ய நினைத்தேன். “வாத்து மேய்க்கறார்ங்க” என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, “கம்ப்யூட்டர்ல” என்று அவசரமாகச் சேர்த்தேன்.

“கம்ப்யூட்டர்ல எத்தினி வாத்து வச்சிருக்காரு?”

“முந்நூறு.”

கொடுத்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

விஷயம் அரியாங்குப்பத்தில் இருந்த நம்ம ஆளுடைய அம்மா காதுக்குப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புத் தூக்கோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மகனுக்குச் சோறு போட்டு, முழுவதும் சாப்பிடவைத்தார். கை கழுவியதும் ஆரம்பித்தார்.

“பெங்களூருல உன் சிநேகிதன் வேல சொல்லி வச்சிக்கினு மூணு மாசமா காத்துக்கினு கெடக்கறான். நீ வாத்து பின்னால சுத்தற. இந்த மாசி மகத்துக்குள்ள உன் வாத்தெல்லாம் வூடு போய்ச் சேரட்டும். இல்லியா, நீ பெங்களூரு போய்ச் சேரு. சத்தியம் பண்ணு.”

பண்ணிவிட்டார். அந்த வேலை, கலர் கலர் மிட்டாய்களை வரிசை சேர்த்து வெடிக்கவைக்கிற கேம் தயாரிக்கும் கம்பெனியில். அதில் இவருக்கு மிட்டாய்க்கு மினுமினுப்பு ஏற்றுகிற பிரிவு. “மிட்டாய் நடக்காது சார்” என்றார் என்னிடம்.

முதல் வருஷமாக இருந்தால், போகட்டும், மொட்டைமாடியில் நிம்மதியாக வடகம் காயவைக்கலாம் என்று இருந்திருப்பேன். இப்போது எனக்கே மனசு வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் தினம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடியைப் பார்த்து “வாத்து எங்க வரைக்கும் வந்திச்சி?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன்.

மாசி பிறந்தது. அதிசயமாக எல்லாம் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. கேமில் பொழுது சாய்ந்து வாத்துகள் பட்டிக்குள் போகும், எண்ணிக்கை மேலே ஓடும், இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பதில் நின்றுவிடும். முந்நூறு சேர்ந்தால்தான் பட்டிக் கதவு மூடும், கேம் முடியும். ஒரு வாத்தைக் காணோம். புரோகிராமை வரி வரியாகத் தேடினார். பத்து நாள் தேடினார். தாடி வளர்ந்தது. வசந்தா கொடுத்த இட்லி மாடிப்படியிலேயே ஆறிக் கிடந்தது.

அந்தச் சமயம் வயலில் இருந்த ஏழுமலையிடம் போய் யோசனை கேட்டார். “ஒண்ணு ரெண்டு கொறையறது சகஜம்பா. நாய் தூக்கிக்கினு பூடும். வுட்டுட்டுப் போய்க்கினே இருக்க வேண்டியதுதான்” என்றார் ஏழுமலை.

நான் கணக்கு ஆசிரியர் இல்லையா? இரண்டே நிமிஷத்தில் விடை கண்டுபிடித்தேன். “முந்நூறுங்கறத இருநூத்தித் தொண்ணூத்தி ஒம்போதுன்னு மாத்திடுங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?”

அவர் என்மீது கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். “அப்ப அந்த ஒண்ணு எங்க போச்சு சார்? அது பாட்டுக்கு எங்கியோ நின்னுக்கினு இருக்குமே?”

என் விடையை எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கிவந்தேன்.

மாசி மகத்துக்கு மூன்று நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கூடத்தில் தெருவையே கூட்டிவிட்டார். ஆளுக்கொரு போனில் கேமை ஏற்றிக் கொடுத்தார். “எல்லாரும் தேடுங்க. யாரு கண்ணுலியாவது படும்.” எதிர்வீட்டு அம்மா வாய்க்காலைத் தேடினார். ஏழுமலை திரையைத் தள்ளிப் பிடித்து, “இது என் கூட்டமே இல்ல, சொன்ன பேச்சு கேக்குது” என்று முனகிக்கொண்டே ஏரிக்குள் தேடினார். நான் ரோட்டுக்குப் போய் லாரியிடம் மூன்று தடவை ஆரன் வாங்கினேன். மீன் குழம்போடு வந்திருந்த அவருடைய அம்மா எதையும் தேடவில்லை. மூலையில் உட்கார்ந்து, பெங்களூருக்கு மகன் எடுத்துப் போக வேண்டிய போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்.

பகல் பன்னிரண்டு ஆயிற்று. எல்லோர் போனிலும் அதே இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. அவர் கம்ப்யூட்டரை மூடிவிட்டார். “சரிம்மா. நாளைக்கு டிக்கெட் பாத்துடறேன்” என்றார்.

அப்போது சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்த வசந்தா, “இன்னா தம்பி, கேட்டுக்கு நான் நீலம் அடிச்சது சரியா வந்திருக்குது, கொடிக் கயித்தை மட்டும் வுட்டுட்டியே” என்றாள்.

“நீ எங்க இருக்கற?” என்று கேட்டேன்.

“எங்க இருக்கறதா? நம்ம வூட்டுலதான். நீங்கள்லாம் வாத்து தேடினீங்க. நான் நம்ம வூடு எப்படிப் போட்டிருக்குதுன்னு பாக்கலாம்னு நேரா வந்துட்டேன்.” போனை இன்னும் கிட்டே வைத்துப் பார்த்தாள். “ஆமா, மாடிப்படிக்குக் கீழ கல்லு பக்கத்துல ஒண்ணு நிக்குதே, அது இன்னாது?”

அவர் கூடத்தைத் தாண்டியது வாத்து நடையில்தான். பழக்கம் போகுமா?

காதோரம் கறுப்புப் புள்ளி. முதல் வருஷம் செய்த முதல் வாத்து. அன்றைக்கு நிஜ வாத்து செய்ததை அப்படியே எழுதியிருந்தார்: பொழுது சாய்ந்தால் கூட்டத்தை விட்டுப் பிரி, வாய்க்கால் ஓரமாக வா, நீல கேட்டுக்கு அடியில் நுழை, படிக்கட்டின் கீழே நில். அதற்கு அப்புறம் மற்ற வாத்துகளை நம்பர் போட்டுச் செய்தவர், மொத்தம் முந்நூறு என்று எழுதிவிட்டு, இந்த ஒன்றைப் பட்டியலில் சேர்க்க மறந்தே போனார். பட்டியலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அது பாட்டுக்கு மூன்று வருஷமாக ஒவ்வொரு பொழுதும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றுகொண்டிருந்திருக்கிறது.

“ஓட்டிக்கினு போங்கக்கா” என்றார். வசந்தா விரலால் தொட்டாள். வாத்து அவளையே பின்தொடர்ந்து வாய்க்கால் ஓரமாகப் போய் ஏரிக்கரை ஏறிப் பட்டிக்குள் நுழைந்தது. முந்நூறு. கதவு மூடியது. அதுவரை நாங்கள் யாரும் பார்த்திராத ஒரு நிலா எழும்பியது, ஒரு பாட்டு வந்தது. ஏழுமலை தன்னை மறந்து, “அப்பாடா” என்றார். நிஜக் கூட்டத்துக்குக்கூட அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நம்ம ஆளின் அம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மடித்த போர்வையை உதறி எங்கள் கட்டிலில் போட்டார். நான் பக்கத்தில் கிடந்த கணக்குப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதுமாம். “அக்கா, மத்த வாத்தோடயே அது போற மாதிரி மாத்திடட்டா?” என்று கேட்டார்.

“ஏன் மாத்தற? அது எங்க வூட்டுது. வேணுங்கறவங்க வந்து ஓட்டிக்கினு போவட்டும்” என்றாள் வசந்தா. கொடிக் கயிற்றை மட்டும் போட்டுக் கொடுத்தார்.

மாசி மகத்துக்கு முதல் நாள் கேம் வெளியே வந்தது. மிட்டாய் அளவுக்கு இல்லையென்றாலும் ஓடியது, இன்னும் ஓடுகிறது. எந்த எந்த ஊரிலோ யார் யாரோ பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டு நீல கேட்டைத் திறந்துகொண்டு வந்து, கடைசி வாத்தைக் கூட்டிப் போகிறார்கள். அவர் பெங்களூருக்குப் போகவே இல்லை. கல்யாணம் ஆகி அரியாங்குப்பத்துக்குத்தான் போனார், வண்டியில் அரைமணி நேரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். இப்போது ஆடு செய்கிறாராம். என்ன நடை பழகுகிறாரோ, பாவம் அந்தப் பெண்.

மாடி காலியாகத்தான் இருக்கிறது. வடகம் நிம்மதியாகக் காய்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பதையும் சீக்கிரமே சேர்த்துவிடுவேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, படிக்கட்டின் கீழே நிற்கிற அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன்.

“இன்னாங்க, ஓட்டிக்கினு போவலியா?” என்பாள் வசந்தா.

“நிக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவட்டும்” என்பேன்.