பதினாலு முழங்கால்களும் ஒரு நோட்டும்

மதிப்பிற்குரிய சித்தி அவர்களுக்கு, தங்கள் அக்கா மகனும் தங்களால் நியமிக்கப்பட்ட சம்பளமில்லாத களப் பொறுப்பாளனும் ஆகிய நான் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்கள் நலமா? ஆய்வகத்தில் துணியை இழுத்து இழுத்துச் சோதிக்கும் அந்த இயந்திரம் நலமா?

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை ஐந்து மணி பதினேழு நிமிடத்துக்கு எங்கள் கால்பந்து அணிக்குத் தாங்கள் சோதிக்கக் கொடுத்த பதினாலில் ஒன்பதாம் எண் முழங்கால் உறை துவைக்கப்பட்டது. ஆறு வாரத்தில் இதுவே முதல் முறை. முதல் தண்ணீர் காப்பி நிறத்திலும் இரண்டாம் தண்ணீர் டீ நிறத்திலும் வந்தது.

வாராவாரம் துவைக்கச் சொன்னீர்கள், மறக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் எண் எங்கள் கோல்கீப்பருடையது. எப்போதும் திறந்தே இருப்பதால் அவனுக்குக் 'கதவு' என்று பெயர். அந்த உறையைப் போட்ட முதல் நாள் தப்பித் தவறி ஒரு பந்தைப் பிடித்துவிட்டான். அதிலிருந்து, "துவைச்சா அதிர்ஷ்டம் போயிடும்டா, கிட்ட வராத"ன்னு ஒரே பிடிவாதம். கிட்டப் போக எங்களுக்கும் ஆசையில்லை. அதற்குள் நாலாம் எண் உறை காணாமல் போய், தேடினால் கேப்டனின் தங்கச்சி அதைத் தன் பொம்மைக்குப் பாவாடையாக்கி வைத்திருந்தாள். "எங்க பாப்பாவுக்கும் முட்டி வலிக்குது"ன்னு வாதாடினாள். பேச்சுவார்த்தை அரை மணி நேரம். பொம்மையின் வலியை நான் நம் வலிக் கணக்கு நோட்டில் ஏற்றவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

மற்றபடி ஆராய்ச்சி அமோகம். ஏழு உறை முட்டி வலி குறைய நீங்கள் பின்னிய விசேஷத் துணி, ஏழு உறை கடைத் துணி, எந்த எண் எதுவென்று உங்களுக்கு மட்டுமே தெரியும். ஆடி முடித்ததும் ஒவ்வொருவனும் முழங்கால் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எழுத வேண்டும். எழுதினார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து எல்லாம் பூஜ்யம். நோட்டைத் திறந்தால் கோழிப் பண்ணை மாதிரி வரிசையாக முட்டைகள். இரும்புக் கால்கள், சித்தி! அதில் தலையாய இரும்பு நான். என் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோன பயிற்சியாளர், ஓரத்தில் உட்கார்ந்திருந்த என்னை இரண்டாம் வாரமே உள்ளே இறக்கிவிட்டார்.

ஆனால் முந்தாநாள் நீங்கள் அம்மாவிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டால் தெருவுக்கே விழும்.

"கடைத் துணி போட்டவனுக்கும் பூஜ்யம், என் துணி போட்டவனுக்கும் பூஜ்யம். அப்ப என் துணி எதுக்குக்கா?"

"பசங்களுக்கு வலி இல்லேன்னா நல்லதுதானேடி?"

"எனக்கு நல்லதில்ல. வெள்ளிக்கிழமை புரொபசர்கிட்ட 'வித்தியாசம் ஒண்ணுமில்ல'ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன். நாலு வருஷம் பின்னினது போதும்."

அப்புறம் அம்மா ரெண்டு தடவை, "லைன்ல இருக்கியாடி?"ன்னு கேட்டாங்க. சித்தி, தாங்கள் மனம் தளரக் கூடாது. குறை தங்கள் துணியில் இல்லை, எங்கள் கால்களின் அபார உறுதியில்தான் இருக்கிறது.

அம்மா விசாரிக்கச் சொன்னார்கள். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையசைத்தார். தாங்கள் பட்டம் பெற்று, 'டாக்டர் சித்தி' என்று நான் பீற்றிக்கொள்ளும் நாள் சீக்கிரம் வர வேண்டும் என்ற வேண்டுதலோடு,

தங்கள் களப் பொறுப்பாளன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் துவைத்ததும் பொம்மையும் நிஜம். பூஜ்யங்கள் பொய்.

நோட்டை யாரிடமும் காட்டாதே என்றீர்கள். முதல் வாரம், எங்கள் அணியில் 'புயல்' என்று பெயரெடுத்தவன் வலிக்கு ஆறு என்று எழுதினான். அவன் ஆடுகிற இடத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். சும்மா ஒரு குறும்பு என்று நினைத்து அந்தப் பக்கத்தைப் பயிற்சியாளருக்குக் காட்டினேன். அவனை உட்கார வைத்தார், என்னை இறக்கினார். மறுநாளே விஷயம் பரவிவிட்டது. உண்மை எழுதினால் உட்கார வைப்பார்கள் என்று ஆனபின் எவன் எழுதுவான்? பதினாலு பேரும் முட்டை போட ஆரம்பித்தோம்.

இரண்டு நாளாக ஒவ்வொருவன் வீட்டுக்கும் போய், நான் செய்ததைச் சொல்லி, நிஜ வலியைக் கேட்டு எழுதி வந்திருக்கிறேன். 'புயல்' வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக "நாலு"ன்னு சொன்னான். பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். போன வாரத்து வலிதான் அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது, அதற்கு முந்தியது போனது போனதுதான். ஆனால் சிலருக்கு ஒன்று, இரண்டு. சிலருக்கு ஆறு, ஏழு. எல்லாருக்கும் ஒன்றாக இல்லை, சித்தி. வெள்ளிக்கிழமை எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொரு ஆறு வாரம் ஆட எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். நோட்டு மட்டும் என் கையில் இருக்கக் கூடாதாம்.

தலையாய இரும்புக்கு எட்டு. மாடிப்படியை உட்கார்ந்தபடிதான் இறங்குகிறேன். சனிக்கிழமை ஆட்டத்தில் என்னை உட்கார வைக்கும்படி பயிற்சியாளரிடம் சொல்லத்தான் போனேன். அவர் அறை வாசல் வரைக்கும் போய், மணி என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்களேன்?