உச்சிவெயிலில் ஓடிய புல்லட்

தன் புல்லட்டைக் காப்பாற்ற ஒரு மனிதரைக் கொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்று பேயாண்டி முடிவு செய்தார். கத்தியால் அல்ல, வாயால்.

சாக வேண்டியவர் வாடிப்பட்டி ஜெயபாண்டி. அவர் வீட்டில் கோழிகள் அடைந்துகிடந்த வண்டியைத்தான் பேயாண்டி வாங்கிவந்தார். எஞ்சினில் அப்பியிருந்த எச்சத்தைச் சுரண்டி, பொறித்திருந்த எண்ணைப் படித்து, வண்டி தன்னைவிட மூத்தது என்று தெரிந்தபோது அவருக்குக் கண் கலங்கியது. விளாங்குடி வீட்டுக் கொட்டகையில் அதைக் கிடத்தித் துருவைத் தேய்த்தார். டாங்கிக்குள் சரளைக்கல் போட்டுக் குலுக்கினார். கார்புரேட்டரை ஊதி ஊதிக் கன்னம் வீங்கினார். வண்டி பிழைத்தது. அவருடைய மனைவி ராக்கம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவள் அவள்.

“வாளியத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை எறங்கிப்போச்சு. இந்தக் கெழட்டு வண்டிய வித்துட்டு எனக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித் தாங்க.”

“விக்கிறதா? ராக்கு, ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். ஜெயபாண்டி அண்ணன் செத்துட்டாரு.”

“அய்யய்யோ! எப்ப?”

“போன வாரம். இந்த வண்டிய நெனச்சுக்கிட்டேதான் உசுரு போயிருக்கு. அத விக்க நெனச்சாலே வந்து நிப்பாராம்.”

ராக்கம்மாள் வண்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “பாவம், நல்ல மனுசன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் போனை எடுத்தாள். சொந்தபந்தத்துக்குத் துக்கம் சொல்லப் போகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஜெயபாண்டி திருப்பூரில், மகன் வீட்டில், கறிச்சோறு தின்றுகொண்டிருந்தார்.

பேயாண்டிக்குப் பெயரில்தான் பேய். நிஜத்தில் பல்லி கத்தினாலே விபூதி பூசிக்கொள்கிறவர்.

செல்லூர் நட்டு போல்ட் கடையில் வேலை. புல்லட்டை வெயிலில் காட்ட மாட்டார்; மத்தியானம் சாப்பிட பஸ்ஸில் வீட்டுக்கு வருவார். ஒரு நாள் அப்படி வந்தபோது தெருவில் நாய்கூட இல்லை. அவருடைய நிழலே அவர் காலுக்கடியில் பதுங்கியிருந்தது. கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது. டிக்... டிக்... உள்ளேயிருந்து யாரோ விரல் நகத்தால் இரும்பைத் தட்டுவது போல.

எஞ்சினைத் தொட்டார். சுட்டது. வெயில் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். கொட்டகைக்குள் வெயில் வருவதில்லை.

இன்னொரு நாள் சைலன்சரில் வெள்ளையாகச் சொட்டுகள் காய்ந்து கிடந்தன, யாரோ விபூதியைக் கரைத்துத் தெளித்தது போல. ஏதோ தீய்ந்த வாசனை. பழக்கமான வாசனை, ஆனால் பிடிபடவில்லை. டாங்கி மூடியைத் திறந்தார். பெட்ரோல் குறைந்திருக்கவில்லை. கூடியிருந்தது! பேய் ரத்தம் குடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பெட்ரோல் ஊற்றும் என்று கேள்விப்பட்டதில்லை.

“ராக்கு, வண்டிய யாராச்சும் எடுத்தாகளா?”

“யாரு எடுப்பா? வலது கால்ல கியரு, எடது கால்ல பிரேக்கு. இந்தக் காலத்துப் பயலுக எவனும் ஓட்ட முடியாதுன்னு நீங்கதான வாராவாரம் பெருமை பேசுவீக?”

“ஆமா...”

“ஒங்கள விட்டா ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆளும் செத்துட்டாரு. சோறு போடவா?”

சோறு இறங்கவில்லை. தன் பொய் பலித்துவிட்டதோ என்று திருட்டுத்தனமாக ஜெயபாண்டிக்குப் போன் செய்தார். எப்போது போட்டாலும் அந்த எண் வேறு யாரோடோ பேசிக்கொண்டே இருந்தது. மேலோகத்தில் யாரோடு அம்புட்டுப் பேச்சு?

நாம் சொன்ன பொய் எழுந்து வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினால், அதன் காலடி முதலில் நமக்குத்தான் கேட்கும்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். கொட்டகை திறந்து கிடந்தது. வண்டி இல்லை. அது நின்ற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய், இமைக்காத கண்ணைப் போல அவரைப் பார்த்தது. “ராக்கு!” என்றார். வீடு பதில் சொல்லவில்லை.

தெருக்கோடியில் கானல் ஆடியது. அதற்குள்ளிருந்து, டப்... டப்... டப்... புல்லட் வந்தது. தரையில் படாமல் மிதந்து வந்தது. மேலே ஓர் உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் துணி.

பேயாண்டி மண்ணில் விழுந்தார். “ஜெயபாண்டி அண்ணே! ஒங்கள உசுரோட கொன்னது தப்புண்ணே! வண்டிய யாருக்கு வேணாலும் குடுங்க. இனி நான் சொந்தம் கொண்டாட மாட்டேன். மீனாச்சி மேல சத்தியம்!”

எஞ்சின் நின்றது. முகத்தில் சுற்றியிருந்த துண்டு அவிழ்ந்தது.

“அண்ணன் எனக்குக் குடுத்துட்டாரு,” என்றாள் ராக்கம்மாள். “சத்தியம் மாறக் கூடாது.”

“நீயா! கியரு பிரேக்கு எல்லாம் தலைகீழாச்சே?”

“வேற வண்டி ஓட்டிப் பழகுனவுகளுக்குத்தான் தலைகீழு. எனக்கு இதுதான மொத வண்டி.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“செத்துப்போன ஜெயபாண்டி அண்ணன்தான். தெனமும் போன்ல. ஒங்களக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு.”

கேரியரில் கட்டிய வாளியிலிருந்து மாவு சொட்டியது. சூடான சைலன்சரில் சுரீரென்று ஒரு குட்டித் தோசை வெந்தது. அந்த வாசனை இப்போது அவருக்குப் பிடிபட்டது.

அவர் பத்து உதை உதைத்தாலும் முனகும் வண்டியை அவள் ஒரே உதையில் எழுப்பினாள்.

“வேட்டியத் தட்டிட்டுப் பின்னாடி ஏறுங்க. வாளி மூடி லூசா இருக்கு. இம்புட்டு நாளா அதப் புடிக்கத்தான் ஆளில்லாமக் கெடந்தேன்.”