அண்ணாச்சியின் அரைப் புள்ளி

சென்னையில் நுழைவுக் கட்டணம் கட்டித் தோற்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுக்கொடுத்த ஒரே தி.நகர் முதலாளி எங்கள் அண்ணாச்சிதான். பாத்திரக் கடைக்காரர். தீபாவளிக் கூட்டத்தைக்கூட மச்சான் தலையில் கட்டிவிட்டு, செஸ் போட்டிக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்.

அவருக்கு ஒரே ஆசை, ரேட்டிங் வாங்க வேண்டும், அதாவது செஸ் ஆட்டக்காரர்களின் தரப் பட்டியலில் தம் பெயரும் ஏற வேண்டும். அதற்கு ரேட்டிங் உள்ள யாரிடமாவது அரைப் புள்ளியாவது, அதாவது ஒரு டிராவாவது எடுத்தாக வேண்டும். அண்ணாச்சியோ காய்களையும் கடை விலை போட்டுத்தான் பார்ப்பார். "குதிரைக்கு ரெண்டு சிப்பாயா? கட்டுப்படியாகாது" என்று முணுமுணுப்பார். நடுவர் முறைப்பார். இந்தக் கணக்கு முடிவதற்குள் ராஜா மாட்டிக்கொண்டிருப்பார். எதிராளி கை நீட்டியதும் அதைக் குலுக்கி, ராஜாவைச் சாய்த்து, முடிவுத் தாளில் தம் தோல்விக்குக் கையெழுத்துப் போட்டு, "நல்லா ஆடுனீய தம்பி, கடைக்கு வாங்க" என்பார். ஜெயித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அவர் கடைக் குக்கர்தான்.

போன மாதம் அடையாறில் ஒரு போட்டி. அண்ணாச்சிக்கு வாய்த்தவர் வெளிநாடெல்லாம் போய் ஆடிப் பட்டம் வாங்கிய இளைஞர். நான் வழக்கம்போல் சீக்கிரமே தோற்றுவிட்டு வேடிக்கை பார்த்தேன். என்ன மாயமோ, மூன்று மணி நேரமாகியும் அண்ணாச்சி அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் ஆளுக்கொரு யானை, ஒரு சிப்பாய். பட்டக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இளைஞர் கையை நீட்டி, "டிரா வெச்சுக்கலாமா சார்?" என்றார்.

கையைக் கண்டதுதான் தாமதம், அண்ணாச்சி அதைப் பிடித்துக் குலுக்கினார். ராஜாவைச் சாய்த்தார். தோல்விக்குக் கையெழுத்தும் போட்டார். "நல்லா ஆடுனீய தம்பி, கடைக்கு வாங்க."

"ஐயோ, நான் டிராதான் சார் கேட்டேன்!" என்று இளைஞர் பதறினார்.

"ராஜாவ சாய்ச்சிட்டாரு, சைனும் போட்டுட்டாரு. நான் இன்னா பண்ண முடியும்?" என்றார் நடுவர்.

வெளியே டீக்கடையில், "கைக்கு எட்டியது வாய்க்கு எட்டலையே அண்ணாச்சி!" என்று கத்தியே விட்டேன்.

"அட, அதை விடும்வே. எம்புட்டுப் பெரிய ஆளு! எங்கிட்ட டிரா கேட்டாரே, பாத்தீரா?" என்றவர், உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஜெயிச்சியளா?" என்று அண்ணி கேட்டது எனக்கே கேட்டது.

"தோத்துட்டேம்ட்டி!" என்றார் அண்ணாச்சி, தெருவே திரும்பிப் பார்க்கும் சந்தோஷத்தில்.